நல்ல ஆவிக்குரிய தலைவர எப்படி அடையாளம் கண்டுபிடிக்கிறது? சபையில அடிக்கடி கேக்குற கேள்விகள்

நான் போதகர் கிடையாது. எங்க சேகரத்துல (ஒரு போதகர் பொறுப்புல இருக்கிற சபைங்க) ரொம்ப வருஷமா சண்டே ஸ்கூல் எடுக்குறேன், ரெண்டு தடவ கமிட்டியில இருந்திருக்கேன், அவ்வளவுதான். வாலிபர் கூட்டம் முடிஞ்சு கோவிலுக்கு வெளிய வேப்பமரத்தடியில நிக்கும்போது பசங்க கேட்டது, பொம்பளப் பிள்ளைங்க தனியா வந்து கேட்டது, சில பெரியவங்க மெதுவா காதுல கேட்டதுன்னு நிறைய கேள்வி சேர்ந்துபோச்சு. எனக்குத் தெரிஞ்ச பதில இங்க எழுதுறேன்.

ஆவிக்குரிய தலைவர்னா யாரு? நல்லா பிரசங்கம் பண்றவரா?

பிரசங்கமும் வேணும், ஆனா அது கடைசியில பாக்க வேண்டிய விஷயம். 1 தீமோத்தேயு 3ஆம் அதிகாரத்த எடுத்து ஒரு தடவ பொறுமையா வாசிங்க. கண்காணி, அதாவது சபைய நடத்துறவரு, எப்படி இருக்கணும்னு பவுல் வரிசையா எழுதுறாரு. குற்றஞ்சாட்டப்படாதவன், தெளிந்த புத்தியுள்ளவன், அந்நியரை உபசரிக்கிறவன், அடிக்காதவன், சண்டை பண்ணாதவன், பண ஆசை இல்லாதவன். இதுல திறமைன்னு சொல்லக்கூடியது "போதக சமர்த்தன்" ஒண்ணுதான், மத்ததெல்லாம் குணம். வீட்ல எப்படி இருக்காரு, கோவம் வந்தா என்ன பண்றாரு, காசு கைக்கு வந்தா என்ன ஆகுறாரு, இதத்தான் கேக்குறாரு. நாமளோ போதகர் மாறும்போது முதல்ல கேக்குறது "பிரசங்கம் எப்படி, பாட்டு வருமா"ன்னுதான்.

அந்த லிஸ்ட்ல இன்னொண்ணு இருக்கு, நாம யாரும் பெருசா கவனிக்கிறதில்ல. புறம்பானவங்ககிட்டயும் நற்சாட்சி பெற்றவரா இருக்கணும். அதாவது சபைக்கு வராத பால்காரர், மளிகைக் கடைக்காரர், பக்கத்து வீட்டு இந்துக் குடும்பம் எல்லாம் அவரப் பத்தி என்ன சொல்றாங்க? கடையில பாக்கி வெச்சிட்டு ரோட்ட மாத்திப் போறவரு மேடையில ஏறி அந்நிய பாஷையில பேசினாலும் எனக்கு நம்பிக்கை வராது.

சரி, ஒரே ஒரு குணம்தான் சொல்லணும்னா எதச் சொல்லுவீங்க?

கணக்கு சொல்றவரா இருக்கணும். பண விஷயத்துல மட்டும் சொல்லல. எபிரெயர் 13:17ஐ "தலைவருக்குக் கீழ்ப்படியுங்க"ன்னு சொல்லத்தான் எல்லாரும் எடுப்பாங்க, ஆனா அதே வசனத்துல அவங்க நம்ம ஆத்துமாக்களுக்காக உத்தரவாதம் பண்றவங்கன்னும் இருக்கு. கீழ்ப்படிதல் நமக்கு, உத்தரவாதம் அவங்களுக்கு. ரெண்டும் ஒரே மூச்சுல வருது, பாதிய மட்டும் பிச்சு எடுக்கக்கூடாது.

சாமுவேல் வயசான காலத்துல ஜனங்க எல்லாரையும் கூட்டி வெச்சு எழுந்து நிக்கிறாரு. "நான் யாருடைய எருதை எடுத்துக்கொண்டேன்? யாருடைய கழுதையை எடுத்துக்கொண்டேன்?"னு அவரே கேக்குறாரு, எடுத்திருந்தா சொல்லுங்க திருப்பித் தர்றேங்கிறாரு. 1 சாமுவேல் 12. யாரும் அவர் மேல கேஸ் போடல, யாரும் விசாரிக்கக் கூப்பிடல, தானா வந்து நிக்கிறாரு. அந்த இடத்த வாசிக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும். சின்ன வயசுல ஆலயத்துல கர்த்தர் சத்தம் கேட்டவரு, ராஜாவையே அபிஷேகம் பண்ணினவரு, என் மேல தப்பு இருந்தா சொல்லுங்கன்னு சாதாரண ஜனத்துக்கு முன்னாடி நிக்கிறாரு பாருங்க. எனக்கு இந்த ஒண்ணு போதும், மத்த குணமெல்லாம் இதோட சேர்ந்து வந்துரும்னு நம்புறேன்.

ஆனா "அபிஷேகம் பண்ணினவர்களைத் தொடாதே"ன்னு வசனம் இருக்கே? கேள்வி கேட்டா சாபம் வரும்னு சொல்றாங்களே?

இதுதான் எங்கிட்ட அதிகமா வர்ற கேள்வி, பயந்து பயந்து கேப்பாங்க. ஒரு தங்கச்சி அழுதுகிட்டே கேட்டா, சபை கணக்கப் பத்தி வீட்ல பேசினதுனாலதான் எங்கப்பாவுக்கு உடம்பு சரியில்லாம போச்சான்னு. இல்லம்மா, நிச்சயமா இல்ல.

அந்த வசனம் 105ஆம் சங்கீதத்துல வருது, 1 நாளாகமம் 16லயும் வருது. முன்னாடி இருக்கிற சில வசனத்தையும் சேர்த்து வாசிங்க. ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு குடும்பம் கொஞ்சப் பேரா, பரதேசிங்களா, ஒரு தேசத்துல இருந்து இன்னொரு தேசத்துக்கு அலைஞ்சப்போ, அங்க இருந்த ராஜாக்கள் அவங்களுக்குக் கெடுதல் பண்ணக்கூடாதுன்னு கர்த்தர் கடிஞ்சுக்கிட்டாரு. பலமுள்ளவங்ககிட்ட இருந்து பலமில்லாதவங்களக் காப்பாத்தச் சொன்ன வார்த்தை அது. அதத் தூக்கி மைக் கையில வெச்சிருக்கவரு கேள்வி கேக்குற ஏழை விசுவாசி மேல எறியுறது வசனத்த அப்படியே தலைகீழா மாத்துறது.

தாவீது தன்னத் துரத்தின சவுல் ராஜாவக் கொல்லல, அது சரிதான். என்கேதி கெபியில சால்வைத் தொங்கல மட்டும் அறுத்துக்கிட்டாரு, அதுக்கே மனசு அடிச்சிக்கிச்சு. ஆனா அதுக்கப்புறம் என்ன பண்ணினாரு? வாய மூடிட்டுப் போகல. வெளிய வந்து எல்லாருக்கும் கேக்குற மாதிரி கூப்பிட்டு, நீர் எனக்குச் செய்யிறது அநியாயம், கர்த்தர் நம்ம நடுவுல நியாயம் விசாரிக்கட்டும்னு முகத்துக்கு நேரா சொன்னாரு. அதே தாவீது ராஜாவாகி பாவம் பண்ணினப்போ நாத்தான் தீர்க்கதரிசி வந்து "நீயே அந்த மனுஷன்"னு சொன்னாரு, தாவீதும் அபிஷேகம் பண்ணப்பட்டவர்தானே, நாத்தானுக்கு சாபம் வந்துச்சா? பேதுரு தப்பு பண்ணினப்போ பவுல் முகமுகமா எதிர்த்தேன்னு கலாத்தியர்ல எழுதி வெச்சிருக்காரு.

அதுக்காக புறணி பேசுறது சரின்னு சொல்ல வரல. டீக்கடையில பேசுறது வேற, அவர்கிட்டயே போய்க் கேக்குறது வேற. முதல்ல தனியா, அப்புறம் ரெண்டு மூணு பேரோட, அப்புறம் சபையில. மத்தேயு 18ல ஆண்டவர் சொன்ன வழி அதுதான்.

பண விஷயத்துல எப்படி இருந்தா நல்ல தலைவர்னு நம்பலாம்?

எங்க ஊர்ல நான் சின்னப் பையனா இருந்தப்போ ஆராதனை முடிஞ்சதும் வெஸ்ட்ரி ரூம்ல (கோவில ஒட்டி இருக்கிற சின்ன ரூம்) காணிக்கை எண்ணுறதப் பாக்கப் பிடிக்கும். பழைய மேஜை, அதுமேல பச்சைத் துணி, பையத் தலைகீழாக் கொட்டினதும் காசு உருண்டு கீழ ஓடும், நாங்க பொறுக்கிக் கொடுப்போம். ரெண்டு பேரு எண்ணுவாங்க, மூணாவது ஆளு நோட்டுல எழுதுவாரு, மூணு பேரும் கையெழுத்துப் போடுவாங்க. ஐயர் (எங்க பக்கம் போதகர ஐயர்னுதான் சொல்லுவோம்) அந்த ரூம்ல ஒரு காச கூட கையால தொடமாட்டாரு, வாசல்ல நின்னு வயசானவங்களுக்கு ஜெபம் பண்ணிக்கிட்டு இருப்பாரு. ஏன் ஐயா நீங்க எண்ண மாட்டேங்கிறீங்கன்னு ஒரு நாள் கேட்டுட்டேன், "எண்ணினா எனக்கு ஆசை வந்துரும் தம்பி"ன்னாரு. அவ்வளவு நேரடியா ஒரு பெரியவர் தன்னப் பத்தி சொன்னத நான் அதுக்கப்புறம் அதிகமாக் கேட்டதில்ல.

பவுலும் இதத்தான் பண்ணினாரு. எருசலேம் ஏழைங்களுக்கு காணிக்கை கொண்டு போகும்போது தனியாக் கொண்டு போகல, சபைங்க தேர்ந்தெடுத்த ஒரு சகோதரனையும் கூடச் சேர்த்துக்கிட்டாரு, கர்த்தருக்கு முன்னால மட்டும் இல்ல மனுஷருக்கு முன்னாலயும் யோக்கியமா இருக்கணும்னு காரணமும் சொன்னாரு (2 கொரிந்தியர் 8). "ஆண்டவருக்குத் தெரியும், மனுஷனுக்கு ஏன் காட்டணும்"னு சொல்றவங்க இந்த அதிகாரத்த வாசிக்கணும்.

அமெரிக்க சுவிசேஷகர் பில்லி கிரஹாம் தெரியும்ல, அவரும் அவரோட கூட இருந்தவங்களும் 1948ல கலிஃபோர்னியாவுல மொடெஸ்டோங்கிற ஊர்ல உக்காந்து, சுவிசேஷகர்கள் எதுலெல்லாம் விழுறாங்கன்னு யோசிச்சு நாலு விஷயம் முடிவு பண்ணினாங்க. பணம், பெண்கள் விஷயம், உள்ளூர் சபைகளக் குறை சொல்றது, கூட்டத்துக்கு வந்த எண்ணிக்கைய ஊதிப் பெருசாக்குறது. இந்த நாலுலயும் ஜாக்கிரதையா இருக்கணும்னு. அப்படி இருந்தும் 1950ல அட்லாண்டா கூட்டம் முடிஞ்சப்போ அவர் கையசைக்கிற படத்தையும் ஆளுங்க காணிக்கை மூட்டைய வெச்சிருக்கிற படத்தையும் ஒரு பத்திரிகை பக்கத்துல பக்கத்துல போட்டிருச்சு, அவருக்கு அது ரொம்ப அவமானமாப் போச்சு. அதுக்கப்புறம் கூட்டத்துல விழுற காணிக்கைய எடுக்குறத விட்டுட்டு, போர்டு குடுக்குற சம்பளம் மட்டும் வாங்க ஆரம்பிச்சாரு. பத்திரிகைக்காரன் பிசாசின் ஏஜெண்ட்னு திட்டல, தன்னோட வழிய மாத்திக்கிட்டாரு. எனக்கு அது பெரிய விஷயம்.

என் அனுபவம் ஒண்ணு சொல்றேன். ஒரு சபையில, பேரு வேண்டாம், கட்டட நிதிக்கு வசூல் பண்ணி நாலு வருஷம் ஆகியும் கணக்கு வாசிக்கல. நாங்க ஆறேழு வாலிபர் மரியாதையா ஒரு லெட்டர் எழுதிக் குடுத்தோம். அடுத்த ஞாயிறு போதகர் பிரசங்கத்துல, மோசேய எதிர்த்த கோராகு கூட்டத்த பூமி விழுங்கினத எடுத்து, எங்க பெஞ்சப் பாத்துக்கிட்டே முக்கால் மணி நேரம் பேசினாரு. எங்கள்ல மூணு பேரு அன்னைக்கு விட்டுப் போனவங்கதான், இன்னைக்கு வரைக்கும் எந்தக் கோவிலுக்கும் போறதில்ல. கணக்கு அப்புறம் எப்படியோ வாசிச்சிட்டாங்க, ஆனா அந்த மூணு பேரு திரும்ப வரல. அதத்தான் நான் பெரிய நஷ்டமா நினைக்கிறேன்.

தாழ்மையா இருந்தா யாரும் மதிக்கமாட்டாங்களே? தலைவர்னா கொஞ்சம் கெத்தா இருக்க வேண்டாமா?

"உங்களுக்குள் அப்படி இருக்கலாகாது"ன்னு ஆண்டவரே சொல்லிட்டாரு, மாற்கு 10ல. உலகத்து அதிகாரிங்க இறுமாப்பா ஆளுறாங்க, உங்களுக்குள்ள அது வேண்டாம்னு. அப்புறம் துண்டக் கட்டிக்கிட்டு சீஷர் கால் கழுவினாரு, யூதாஸ் காலும் அதுல இருந்துச்சு.

ஆனா தாழ்மைன்னா பயந்து ஒதுங்குறதுன்னு அர்த்தம் இல்ல. 1706ல தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு ஐயர் ஒரு ஏழை விதவையோட கடன் வழக்குல அவளுக்காகப் பேசப் போயி, டேனிஷ் கோட்டை அதிகாரிய பகைச்சுக்கிட்டு நாலு மாசம் ஜெயில்ல இருந்தாரு. தமிழ்ல புதிய ஏற்பாட்ட அச்சடிச்சவருன்னுதான் எல்லாரும் அவரச் சொல்லுவாங்க, அதுவும் பெரிய காரியம்தான். ஆனா தனக்குத் திரும்ப ஒண்ணும் செய்ய முடியாத ஒரு விதவைக்காக அதிகாரிய எதிர்த்தாரே, அதுதான் மேய்ப்பன் குணம்னு நான் பிள்ளைங்களுக்குச் சொல்லுவேன். தனக்காகன்னு வரும்போது தாழ்ந்து போகணும், ஆடுகளுக்காகன்னு வரும்போது எழுந்து நிக்கணும். நம்ம ஆளுங்க நிறையப் பேரு இத மாத்திச் செய்றாங்க.

எங்க பழைய உபதேசியார் (போதகருக்கு உதவியா இருக்கிற சபை ஊழியர்) ஒருத்தர் இருந்தாரு. அசனம், அதான் சபை விருந்து, முடிஞ்சு எல்லாரும் இலையத் தூக்கிப் போட்டுட்டுப் போனப்புறம், வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு சோறு பிடிச்ச அண்டாவுக்குள்ள பாதி உடம்ப விட்டு சாம்பலும் தேங்காய் நாரும் போட்டுத் தேய்ப்பாரு. சமையக்காரங்க "ஐயா விடுங்க"ன்னா "நீங்க காலையில மூணு மணிக்கு எழுந்தவங்க, போய் உக்காருங்க"ன்னுவாரு. அவர் செத்தப்போ கூட்டத்துல முதல்ல வந்து நின்னு அழுதது அந்த சமையக்காரங்கதான்.

ஐயா பிறந்தநாளுக்கு ஃபிளெக்ஸ் வெக்கிறது தப்பா?

3 யோவான்ல தியோத்திரேப்புன்னு ஒருத்தர் வர்றாரு. அவரப் பத்தி அப்போஸ்தலன் முதல்ல சொல்றதே "முதன்மையாயிருக்க விரும்புகிற"ங்கிறதுதான். அதோட டோனாவூர்ல ஆதரவில்லாத பிள்ளைங்கள வளர்த்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையார நினைச்சுக்கோங்க. ஐம்பது வருஷத்துக்கு மேல இந்தியாவுலயே இருந்தாங்க, ஒரு தடவ கூட ஊருக்குத் திரும்பிப் போகல, 1931ல விழுந்து அடிபட்டு அதுக்கப்புறம் இருபது வருஷம் பெரும்பாலும் படுக்கையில இருந்துதான் பிள்ளைங்களப் பாத்துக்கிட்டாங்க. 1951ல இறந்தப்போ கல்லறைக் கல்லு வேண்டாம்னு முன்னாடியே சொல்லியிருந்தாங்க. பிள்ளைங்க அங்க பறவைங்க தண்ணி குடிக்க ஒரு கல்தொட்டி வெச்சாங்க, தாங்க அவங்களக் கூப்பிட்ட அந்த ஒரே வார்த்தைய மட்டும் அதுல எழுதினாங்க. ஃபிளெக்ஸ பத்தி எனக்கு வேற சொல்லத் தெரியல.

சாதி பாத்து தலைவர தேர்ந்தெடுக்குறது எல்லா இடத்துலயும் நடக்குதே, அதுல என்ன?

நடக்குது. நடக்குறதுனால சரியாகிடாது. எலெக்ஷன் வந்தா வேட்பாளர் ஜெபிக்கிறவரான்னு கேக்குறதில்ல, நம்ம ஆளான்னு கேக்குறாங்க. கல்கத்தா பேராயர் டானியேல் வில்சன் 1833லயே சபைக்குள்ள சாதி பாக்குறத அடியோட விடணும்னு கட்டளை அனுப்பினாரு, அதுக்கே தஞ்சாவூர், வேப்பேரி பக்கமெல்லாம் நிறையப் பேரு கோவிச்சுக்கிட்டு சபைய விட்டுப் போனாங்க. அவ்வளவு ஆழமா வேர் விட்ட விஷயம்.

பேதுருவ பவுல் எதிர்த்தாருன்னு மேல சொன்னேன்ல, எதுக்குத் தெரியுமா? பந்திக்காக. அந்தியோகியாவுல புறஜாதி விசுவாசிங்களோட ஒண்ணா உக்காந்து சாப்பிட்டுக்கிட்டு இருந்தவரு, எருசலேம்ல இருந்து ஆளு வந்ததும் மெதுவா எழுந்து விலகிட்டாரு. நம்ம ஊர்ல பந்தியில யாரு யாரோட உக்காருறாங்கங்கிறது என்னன்னு நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். பவுல் இத சின்ன விஷயம்னு விடல, இது சுவிசேஷத்தோட சத்தியத்துக்கே விரோதம்னு சொல்லிட்டாரு.

வெள்ளாளன்விளையில 1874ல பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா இதுல எனக்கு எப்பவும் ஞாபகம் வருவாரு. 1903ல திருநெல்வேலியில இந்திய மிஷனரி சங்கம் ஆரம்பிச்சவங்கள்ல முக்கியமானவரு, நம்ம பணம் நம்ம ஆளுங்கன்னு. மத்தவங்களப் போகச் சொல்லிட்டு தான் மட்டும் இங்க இருக்கக்கூடாதுன்னு அவரே 1909ல தெலுங்கு நாட்டுல தோர்ணக்கல்லுக்குப் போனாரு. தெலுங்கு படிச்சு, மாட்டு வண்டியிலயும் சைக்கிள்லயும் கிராமம் கிராமமாப் போயி, மாலா, மாதிகான்னு ஒடுக்கப்பட்ட சாதி ஜனங்க மத்தியில வாழ்ந்தாரு. 1912ல ஆங்கிலிக்கன் சபையில முதல் இந்தியப் பேராயர் ஆனாரு. அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி 1910ல எடின்பரோவுல உலக மிஷனரி மாநாட்டுல வெள்ளைக்காரங்க நிறைஞ்ச சபையில எழுந்து நின்னு, நீங்க உங்க பொருளக் குடுத்தீங்க, சரீரத்தையே குடுத்தீங்க, நாங்க அன்பையும் கேக்குறோம், எங்களுக்கு நண்பர்களத் தாங்கன்னு சொன்னாரு. நிறையப் பேருக்கு அது பிடிக்கல. மேல இருக்கவங்ககிட்ட சமமா நட்பக் கேட்டவரு, கீழன்னு உலகம் ஒதுக்கின ஜனங்ககிட்ட போயி அதே நட்பக் குடுத்தாரு.

பெண்கள் ஆவிக்குரிய தலைவரா இருக்கலாமா?

சபைக்கு சபை இதுல வித்தியாசம் இருக்கு, சண்டை போட நான் வரல. தென்னிந்தியத் திருச்சபையில பெண்களுக்கு குருப்பட்டம் குடுக்க ஆரம்பிச்சு பல வருஷம் ஆகுது, 2013ல நந்தியால்ல புஷ்ப லலிதா அம்மா பேராயராவே ஆனாங்க. அப்பொல்லோவ வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய் இன்னும் திட்டமா விளக்கிச் சொன்னதுல பிரிஸ்கில்லாவும் உண்டு. பட்டம் இருக்கோ இல்லையோ, எங்க சபையில யாரு வீட்ல என்ன கஷ்டம்னு முதல்ல தெரியுறது சபைக்குக் காணிக்கையா கைப்பிடி அரிசி வாங்க வீடு வீடாப் போற அக்காமாருக்குத்தான். அதுவும் மேய்ப்புதான்.

யூடியூப்ல தீர்க்கதரிசனம் சொல்றவங்கள நம்பலாமா?

சொன்னது நடக்கலைன்னா அது கர்த்தர் சொன்னது இல்லைன்னு உபாகமம் 18 சொல்லுது. நடக்காதப்போ வீடியோவ டெலீட் பண்றாரா, தப்பு பண்ணிட்டேன்னு சொல்றாரா, அதப் பாருங்க. அதுவும் இல்லாம நீங்க ஆஸ்பத்திரியில படுத்திருந்தா அவர் வரமாட்டாரு, உங்க உள்ளூர் ஐயர்தான் பஸ் ஏறி வருவாரு.

தலைவர் பாவத்துல விழுந்துட்டா? மன்னிக்கணும்தானே?

மன்னிக்கிறது வேற, மறுபடி அதே பொறுப்புல உக்கார வைக்கிறது வேற. ரெண்டையும் ஒண்ணாக் கலக்கிறதுனாலதான் பாதிக்கப்பட்டவங்க வாயத் தைக்கிறோம். மனந்திரும்பினவருக்கு ஆலயத்துல இடம் உண்டு, திருவிருந்து உண்டு. உடனே மேடை உண்டான்னா, கிடையாது.

இதுல ஒண்ண மட்டும் ரொம்ப அழுத்தமாச் சொல்றேன். சின்னப் பிள்ளைங்க மேல யாராவது கை வெச்சா அது சபைக்குள்ள பேசித் தீர்க்குற விஷயம் கிடையாது. 2012 போக்சோ சட்டப்படி தெரிஞ்சவங்க போலீஸ்ல சொல்லியே ஆகணும், மறைச்சா அதுவே குற்றம். 1098க்கு போன் பண்ணலாம். "சாட்சி கெட்டுப்போகும்"னு யாராவது சொன்னா, ஏந்திரக்கல்லக் கழுத்துல கட்டி கடல்ல தள்ளுறது நலம்னு ஆண்டவர் யாரப் பத்திச் சொன்னாருன்னு அவங்களக் கேளுங்க.

எங்க போதகர் ரொம்ப சோர்ந்து போயிருக்காரு, ஆவிக்குரிய தலைவர் சோர்வாகலாமா?

எலியா சூரைச்செடியின் கீழ படுத்து "போதும் கர்த்தாவே"ன்னாரு. அவருக்கு தேவதூதன் பிரசங்கம் பண்ணல, தணல்ல சுட்ட அடையும் தண்ணியும் குடுத்து மறுபடி தூங்க விட்டாரு. அப்புறம் ரெண்டாவது தடவயும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னாரு. மோசேகிட்ட மாமனார் எத்திரோ, நீ ஒருத்தனே காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் வழக்குத் தீர்த்தா தொய்ஞ்சு போவ, ஆள் வைன்னாரு. மோசேயும் கேட்டாரு. வேலையப் பிரிச்சுக் குடுக்கத் தெரியாதவரு சோர்ந்துதான் போவாரு, அதே நேரம் எல்லா வேலையையும் அவர் தலையில போட்டுட்டு வீட்ல படுத்திருக்கிற நமக்கும் அதுல பங்கு இருக்கு.

என்னை வாலிபர் சங்கத்துக்கு செயலாளரா இருக்கச் சொல்றாங்க, எனக்குத் தகுதி இல்லன்னு தோணுது...

தகுதி இல்லன்னு தோணுறது நல்லதுதான், ஆனா அதையே சாக்கா வெச்சுக்காத தம்பி. முதல் மாசமே கூட்டத்துல வரவு செலவு வாசிச்சிரு, நூத்து அம்பது ரூபாயா இருந்தாலும் பரவாயில்ல. யாரு ரெண்டு வாரமா வரலன்னு ஒரு நோட்டுல எழுதி வெச்சு வீட்டுக்குப் போய்ப் பாரு, போன்ல மெசேஜ் போட்டா அது போய்ப் பாக்குறது ஆகாது. உன்ன விட நல்லாப் பேசுற பையன் வந்தா அவனுக்கு மைக்கக் குடு. உன் தப்ப உன்கிட்ட வந்து சொல்ற தைரியம் இருக்கிற ரெண்டு பேர பக்கத்துல வெச்சுக்க, அவங்க சொல்லும்போது மூஞ்சி சுளிக்காத, சுளிச்சா அடுத்த தடவ சொல்லமாட்டாங்க.

நல்ல போதகர் கிடைச்சிருக்காரு, நாங்க அவருக்கு என்ன செய்யலாம்?

ஜெபம் பண்ணுங்கன்னு எல்லாரும் சொல்லுவாங்க, பண்ணுங்க. கூடவே திங்கக்கிழமை அவருக்கு போன் பண்ணாதீங்க, அது அவர் குடும்பத்துக்கான நாள். அவர் பிள்ளைங்கள "ஐயர் பிள்ளை இப்படிப் பண்ணலாமா"ன்னு கேக்காதீங்க, அதுங்க பாவம், பிறக்கும்போது யாரும் கேட்டுட்டுப் பிறக்கல. பிரசங்கத்துல ஒரு வார்த்தை உங்களத் தொட்டுச்சுன்னா எந்த வார்த்தைன்னு சொல்லுங்க, சும்மா "நல்லா இருந்துச்சு ஐயா"ன்னு சொல்லிட்டு செருப்பத் தேடாதீங்க. அவர் தப்பு பண்ணினா அவர்கிட்டயே போய்ச் சொல்லுங்க, கதவச் சாத்திட்டு, மெதுவா. எங்க இப்போதைய ஐயர்கிட்ட போன மாசம் நான் அப்படி ஒண்ணு சொன்னேன், ஒரு விதவை வீட்டு அடக்க ஆராதனைக்கு லேட்டா வந்துட்டாரு, அந்தம்மா ரொம்ப நேரம் வெயில்ல நின்னாங்க. அவர் ஒண்ணும் பதில் சொல்லல, தலையாட்டினாரு. மறுநாள் சாயங்காலம் அந்தம்மா வீட்டுத் திண்ணையில அவர் உக்காந்திருந்தத கடைக்குப் போற வழியில பாத்தேன், கையில காப்பித் தம்ளர் இருந்துச்சு, அந்தம்மாதான் பேசிக்கிட்டு இருந்தாங்க.